உங்களுக்குத் தெரியுமா? சத்திரசிகிச்சைக்கு முன் ஈரல் சுருங்க வேண்டும்

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன், பெரும்பாலும் 2 வாரங்களுக்கு, நாளொன்றுக்கு 800 கலோரி அளவிலான கடும் பத்தியத்தில் நோயாளியை வைப்பார்கள். எடை குறைவது இதில் இரண்டாம் பட்சம். முக்கிய நோக்கம் ஈரல்!

ஈரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கிறது. கொழுப்பேறி வீங்கிய ஈரலைச் சிறு துளைகள் வழியே நுழைக்கும் கருவியால் தூக்கிப் பிடிப்பது கடினம். இரத்தம் கசியவும் கூடும். பத்தியம் தொடங்கியதும் ஈரலில் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாச்சத்தும் அதோடு கட்டுண்ட நீரும் முதலில் வெளியேறும், பிறகு கொழுப்பு கரையும். 2006இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 12 வாரப் பத்தியம் கொடுத்தார்கள். ஈரல் சுருங்கியதில் 80 வீதம் முதல் 2 வாரங்களிலேயே நடந்துவிட்டது.

கண்டியில் இப்படிப் பத்தியம் இருப்பது லேசான காரியமில்லை. கால் இறாத்தல் பாணே ஏறத்தாழ 300 கலோரி. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350க்கு மேல். சம்பலும் பால்சொதியும் அதில்தானே! கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், மூன்று கோப்பையில் சுமார் 100 கலோரி போய்விடும். அதனால் இந்த இரண்டு வாரமும் வீட்டார் முழுப்பேரும் துணை நிற்க வேண்டும். நோயாளியை மட்டும் பட்டினி போட்டுவிட்டுப் பக்கத்தில் கொத்துரொட்டி சாப்பிடுவது கொடுமை.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியர் அளவை மாற்றித் தராமல் இந்தப் பத்தியத்தைத் தொடங்கவே கூடாது. இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.