துண்டு வீசும் வரை

சித்திரை பாதி கடந்து, கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை, பொன்னமராவதி பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தபந்தங்களுக்கு ஒரு சேதி போகும்: இன்ன தேதியில் எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. அன்று விடியும் முன்பே கரை நிறைந்துவிடும். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பையன் லீவு போட்டுவிட்டு வந்திருப்பான். கையில் ஊத்தா, கச்சா, வலை, எதுவும் கிடைக்காதவர் கையில் பழைய கொசுவலை. இவ்வளவு கூட்டத்தில் ஒருவர் காலும் தண்ணீரில் நனைந்திருக்காது. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஒரே மூச்சில் சேற்றில் இறங்குவார்கள்.

ஊத்தா என்பது மூங்கிலால் முடைந்த, அடி அகன்று மேல்வாய் குறுகிய கூடை. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்த வேண்டும். உள்ளே ஏதாவது முட்டுகிறதா என்று ஒரு நொடி பொறுத்துப் பார்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் வழுக்கிக்கொண்டு போகும். கெளுத்தி என்றால் முள் குத்தும். பிடித்ததை விற்கும் வழக்கமில்லை. அன்று மதியம் ஊருக்குள் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மீன் குழம்பு மணக்கும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் போய்விடும்.

கண்மாயில் மீன் கார்த்திகையிலிருந்தே இருந்ததுதான். ஆளுக்கொரு நாள் இறங்கிப் பிடித்திருந்தால் இந்த ஒரு நாள் வந்திருக்காது. ஊர் முழுவதும் சேர்ந்து பொறுத்திருந்ததால் வந்தது.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடிப்பது பற்றி இன்று எங்கும் பேச்சு. சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் தனி ஆளுக்கானவை: சீக்கிரம் எழுங்கள், போனை அணைத்து வையுங்கள், விடுப்பு எடுங்கள். புதுக்கோட்டைச் சீமையின் அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது. பக்கத்து வயல்காரர் நிறுத்தும்போதுதான் நாமும் நிம்மதியாக நிறுத்த முடியும். தனியாக ஓய்ந்தவன் தோற்றுப்போவான்.

1974 ஜனவரி 14-ல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான இந்த மாவட்டத்துக்குக் காவிரி பெரும்பாலும் எட்டாத தண்ணீர். கல்லணைக் கால்வாயின் கடைமடையாக அறந்தாங்கிப் பக்கம் கொஞ்சம் பாயும். வெள்ளாறு மழைக்கு ஓடி மழையோடு நின்றுவிடும். மற்றபடி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள்தான் கதி. அதனால் இங்கே வேலையின் கணக்கு மழையின் கணக்கு. ஆடியில் புன்செயில் கடலை விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் நெல். தையில் அறுவடை. ஈரம் மிச்சமிருந்தால் உளுந்து. ஆலங்குடி அருகே வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் ரக உளுந்துகள் எழுபது நாளை ஒட்டி விளைபவை. இரண்டு பருவத்துக்கு நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளிக்கு ஏற்றவை.

அதன் பிறகு வருவதுதான் இந்த மண்ணின் நீண்ட மூச்சு. மாசியில் திருவப்பூர் மாரியம்மன், பங்குனியில் கொன்னையூரும் நார்த்தாமலையும். ஜனவரியில் தச்சங்குறிச்சியில் தொடங்கும் ஜல்லிக்கட்டு, ஊர் ஊராக நகர்ந்து வைகாசி வரை நடக்கும். வெளியாருக்கு இது வேலையில்லாத காலமாகத் தெரியும். ஆனால் வற்றிய கண்மாயில்தான் வண்டலை வெட்டி வயலில் கொட்ட முடியும். வரத்து வாரியில் முளைத்த கருவேலத்தை அப்போதுதான் பிடுங்க முடியும். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்களும் குறுக்குக் கல்லுமாக நிற்கும் பழைய குமிழி மடையின் அடி எப்படி இருக்கிறது என்று இறங்கிப் பார்ப்பதற்கும் அதுதான் சமயம். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்ற இந்தக் குடிமராமத்து, ஊர் தானாகச் செய்து வந்த காரியம். அதை ஆங்கில அரசு தன் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. உரிமையைப் பிடுங்கிக்கொண்டு கடமையை மட்டும் மக்கள் தலையில் விட்ட அந்தச் சட்டத்தால் முறை தளர்ந்ததில் வியப்பில்லை. 2017-ல் மாநில அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது, பெயராவது திரும்பி வந்தது.

ஆலங்குடியைத் தாண்டிக் கிழக்கே, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் போனால் நிலம் வேறு. பல நூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு. தென்னை, பலா, வாழை, அதற்கிடையே முல்லையும் மல்லிகையும் சம்பங்கியும். மழைக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயத்தை மோட்டார் நீக்கிவிட்டது. இந்த மாவட்டத்தின் மிகச் சுறுசுறுப்பான உழவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பூவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், கீரமங்கலம் பூக்கடைக்குக் காலையில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பூப்பறிக்கும் பெண்களை அங்கே வழக்கமாகப் பார்க்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் பறிக்கும்போது நம் தோட்டத்தில் பறிக்காமல் இருக்க முடியாது. கிணறு ஆளுக்கொன்றாகப் பிரிந்தபோது ஓய்வும் ஆளுக்கொன்றாகப் பிரிந்தது, பிறகு காணாமலே போனது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து தலைமுறைத் தென்னைகளைச் சாய்த்த பிறகு, உடனே காசு தரும் பயிர் இன்னும் தேவையானது. அந்த மக்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

கடற்கரையில் நிலைமை வேறு. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 42 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரைக்கு எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழமில்லாத, குறுகலான கடல். நடுவில் இலங்கை எல்லை. 1970-களில் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் இந்தக் கடலில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளுக்குப் பிறகு நிலைபெற்றதுதான் நாள் பிரிக்கும் முறை: விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மிச்ச நான்கு நாள். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் அந்த மூன்று நாட்கள் திங்கள், புதன், சனி. ரத்தம் சிந்திய பிறகு வந்த ஏற்பாடு என்றாலும், வாரத்தில் சில ராத்திரியாவது மனிதன் வீட்டில் தூங்குகிறான்.

இதற்கு மேல் ஆண்டுத் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் 2001 முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை இருந்தது. 2017-ல் அது 61 நாளானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுவார்கள். இற்றுப்போன பலகையை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள். வேப்பமர நிழலில் வலையை விரித்து, கால் கட்டைவிரலில் மடியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தல் தைப்பார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருகிறது.

ஆனால் படகு வைத்திருப்பவருக்கும் கூலிக்குக் கடலுக்குப் போகிறவருக்கும் இந்த 61 நாள் ஒன்றாக இருப்பதில்லை. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க முடியாது. அதனால் கட்டட வேலைக்குப் போகிறார்கள். தடை வேறு மாதங்களில் வரும் மேற்குக் கரைக்குச் சிலர் படகேறுகிறார்கள். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களோ நாட்டுப்படகு கொண்டுவருவதை ஏலத்தில் கூடுதல் விலைக்கு எடுக்கிறார்கள், இல்லையென்றால் கருவாட்டுக்கு மாறுகிறார்கள். வாராவாரம் கட்ட வேண்டிய குழுக் கடனுக்குத் தடைக்காலம் கிடையாது. மீன் முட்டையிடப் பொறுக்கிற சட்டத்தைப் போல, கடலோரக் குடும்பங்களின் கடன் தவணையும் அந்த இரண்டு மாதம் பொறுத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது.

கோடை, பெண்களின் வேலைநேரத்தை எப்போதுமே நீட்டித்திருக்கிறது. ஊரணி வற்றினால் தண்ணீர்க் குடம் தூரமாகும். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பெண்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் வந்ததில் மிச்சமான அரைமணி நேரம் அவர்களுக்குச் சொந்தமானது. ஓய்வைப் பற்றி இந்த மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஜூன் 14 நெருங்கும்போது ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கும். புது வர்ணம் பூசிய படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். டீசல் கேன்கள் ஏறும். மீன்துறை டோக்கன் கைக்கு வரும் வரை எல்லாம் தயாராக இருந்தும் நங்கூரம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். முதல் கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நாளில், இரண்டு மாதம் கவிழ்த்து வைத்திருந்த அன்னக்கூடையைக் கழுவி எடுத்துக்கொண்டு பெண்கள் விடியும் முன்பே கரைக்கு வந்துவிடுவார்கள். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஏலக்கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.