நீரில் கரைந்த மருந்தும் அதை ஈர்க்கும் கரியும்

சீழ்ப்புண், நுரையீரல் அழற்சி முதலிய நோய்களுக்கு நாம் உட்கொள்ளும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் முழுவதும் உடலிலேயே செலவாகிவிடுவதில்லை. ஒரு பகுதி கழிவுடன் வெளியேறி ஆற்றை அடைகின்றது. கால்நடைப் பண்ணைகளில் கொடுக்கப்படும் மருந்தும் அவ்வாறே. உலு யாம் வட்டாரத்துச் சிற்றாறுகளோ, பல்லாயிரம் குடும்பங்களுக்குக் குடிநீர் தரும் சிலாங்கூர் ஆற்றில் சென்று கலக்கின்றன.

ஆற்று நீரில் இம்மருந்தின் அளவு பெரும்பாலும் மிகச் சிறிது. எனினும், அதிலேயே வாழும் கிருமிகள் நாளடைவில் மருந்தைத் தாங்கும் வல்லமை பெறக்கூடும். பின்னர் நம் குழந்தைக்கு அதே மருந்தைக் கொடுத்தால் நோய் தீராமற்போகலாம். இந்தியாவின் ஐதராபாத்திற்கு அருகிலுள்ள பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். அதன் ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளோக்சாசின் இருந்ததென 2007இல் அவர்கள் அறிவித்தனர்.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். ஆனால் கரைந்துள்ள மருந்துகள் பலவும் அதனால் நீங்கா. அவற்றைப் பிரித்தெடுக்கும் வழிகளுள் ஒன்று கிளர்வுற்ற கரியாகும். தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றுகின்றன. ஒரு கிராம் கரியில் இத்துளைகளின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரை இருக்கும். பாலை ஊற்றிய பின்னும் மங்கின் சுவரில் மெல்லிய படலம் ஒட்டியிருப்பதை நாம் அறிவோம். அவ்வாறே மருந்தும் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ள, நீர் மட்டும் வெளியேறுகின்றது.

நம் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் விதைக்கும் இப்பயன் உண்டு. அதன் ஓட்டிலிருந்து இத்தகைய கரியைச் செய்து, நீரிலுள்ள சாயத்தை அகற்றலாமென மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர்.

ஆயினும், அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. கிளர்வுற்ற கரியும் துளைகள் நிறைந்தபின் பயன்தராது. உரிய காலத்தில் அதை மாற்றியாக வேண்டும்.

ஆகவே, மருந்து வீணாக நீரில் சேராமற் காப்பதே முதற்கடமை. மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர்க் கொல்லியை உண்ணலாகாது; கொடுத்ததை அவர் சொன்னபடி உண்டு முடிக்க வேண்டும். மீந்த மாத்திரைகளைக் கால்வாயில் எறியாமல், அரசாங்க மருத்துவமனை அல்லது சுகாதார நிலைய மருந்தகத்தில் ஒப்படைப்போமாக.