செம்மணல் தேரி

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் நோக்கிச் செல்வோர், பனைமரங்களுக்கு அப்பால் செந்நிற மணற்குன்றுகள் அலையலையாக எழுவதைக் காண்பர். இவற்றை இப்பகுதி மக்கள் ‘தேரி’ என வழங்குவர். பழந்தமிழர் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. பிற நிலம் வறண்டு திரிந்ததே பாலை என்றனர். ஆயினும் முத்துக்குளித்த நெய்தற்கரையின் மருங்கிலேயே பாலை போன்றதொரு நிலம் கிடக்கிறது.

தீயில் வெந்தது போன்ற இச்செம்மை எரிமலை தந்ததோ என மாணவர் வினவுவதுண்டு. அன்று. எரிமலைப் பாறையைக் காண விரும்புவோர், தார்ப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள ஜோத்பூருக்குச் செல்லவேண்டும். அங்குள்ள மெஹ்ரான்கர் கோட்டை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உருவான ரயோலைட் பாறைமீது நிற்கிறது. தேரியின் செம்மையோ இரும்புத் துருவின் செம்மை. மணலிலுள்ள இரும்புக் கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் சிதையும். அவற்றினின்று வெளிப்படும் இரும்பு ஆக்சைடு, மணற்பருக்கை ஒவ்வொன்றின்மீதும் மெல்லிய பூச்சாகப் படியும். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இம்மணலைக் கழுவினால் அப்பூச்சு பெரிதும் நீங்கிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் தேய்ந்து உதிர்ந்த துகள்களை ஆறுகள் சமவெளிக்குக் கொணர்ந்தன. மழையை மலைக்கு அப்பால் பொழிந்துவிட்டு ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்களின் வழியே வறண்டு வீசும் மேல்காற்று, அம்மணலை வாரிக் கடலோரத்தில் குவித்தது. இத்தேரிகளில் பழங்கால மாந்தரின் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றைப் பற்றிய ஸாய்னர், ஆல்சின் ஆகியோரின் ஆய்வு 1956இல் வெளிவந்தது.

முறத்தில் புடைக்கும்போது பதர் பறக்க மணி தங்குவதுபோல, கடற்கரையில் அலை இலேசான மணலை இழுத்துச்செல்ல, கனமான தாதுக்கள் தங்கிவிடுகின்றன. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியன அவற்றுள் சில. இல்மனைட் தரும் டைட்டானியம் வெள்ளை வண்ணப்பூச்சுக்கு உதவுகிறது. மோனசைட்டில் அணுவாற்றலுக்குரிய தோரியம் உள்ளது. இச்செல்வம் வெளிப்பட்ட கதை விந்தையானது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில், 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார்!

தேரி மணலிலும் இல்மனைட் உண்டு. அதனைக் கொண்டு டைட்டானியம் ஆலை நிறுவ, 2007ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் தமிழக அரசுடன் உடன்படிக்கை செய்தது. நிலம் பறிபோகும் என ஊர்மக்கள் எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. 2013இல் கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதற்கும் அரசு தடை விதித்தது.

தாதுவை எடுத்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்னும் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் தேரி வெறும் மணற்குவியல் அன்று. பெய்யும் மழையை ஓடவிடாது உறிஞ்சி, அடியில் நன்னீராகத் தேக்கி வைப்பது அது. உப்பளங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் அந்நீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. மேலப்புதுக்குடித் தேரியில் கோயில்கொண்டுள்ள தெய்வத்தின் பெயரே ‘அருஞ்சுனை காத்த அய்யனார்’.