வெட்டுப்புள்ளிக்கும் வெற்றிடத்துக்கும் இடையில்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு கைக்குக் கிடைத்த பின்னர் எமது மாணவியர் பலருக்கு ஒரு நீண்ட காத்திருப்புத் தொடங்குகிறது. பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் கழிகின்றன. வெட்டுப்புள்ளி வெளியான பின்னரும், சிறிய வித்தியாசத்தில் தவறியவர்கள், “வெற்றிடம் நிரப்பும்போது கிடைக்கலாம்” என்று மேலும் காத்திருக்கின்றனர். இக்காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

முதலில் இசட் புள்ளி என்பது என்ன? ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதே அப்பாடத்துக்கான இசட் புள்ளி. சராசரி 50, நியம விலகல் 15 ஆக உள்ள பாடத்தில் 65 எடுத்தவருக்கு 1 கிடைக்கும். சராசரி 35 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் உள்ள பாடத்தில் அதே 65 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே உங்கள் இறுதி இசட் புள்ளி.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவேதான் ஒரே கற்கைநெறிக்குக் கொழும்பில் ஒரு வெட்டுப்புள்ளியும் மன்னாரில் வேறொன்றும் அமைகின்றன.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட எல்லை அன்று. அந்த ஆண்டில் கடைசியாக அனுமதி பெற்றவரின் புள்ளியே அது. எனவே கடந்த ஆண்டின் எண்ணைக் காட்டி, “இம்முறை நிச்சயம் கிடைக்கும்” என்று எவராலும் உறுதி கூற இயலாது. வெற்றிடங்களும் அத்தகையவையே. தெரிவானவர்களுள் சிலர் பதிவு செய்யாதபோதுதான் அடுத்தவருக்கு இடம் வருகிறது. அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. பிறர் கையில் உள்ளது.

இங்குதான் உண்மையான சிக்கல் எழுகிறது. மருத்துவத்தை முதல் விருப்பமாக எழுதிய ஒரு மாணவிக்கு உயிரியல் விஞ்ஞானம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் பதிவு செய்வதா, மீண்டும் பரீட்சை எழுதுவதா? பதிவு செய்தால், அடுத்த ஆண்டில் வேறொரு பெறுபேற்றைக் கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கும் வழி பொதுவாக அடைபடும். பதிவு செய்யாவிட்டால் கையிலுள்ள இடம் போய்விடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில், பதிவு, உயர்விருப்பத்துக்கு மாறுதல், வெற்றிடம் நிரப்புதல் ஆகியவை பற்றிய விதிகளை அந்தந்த ஆண்டுக்குரியவாறே வாசித்த பின்னர்தான் முடிவெடுக்க வேண்டும். அயலவர் சொல்லும் சென்ற ஆண்டு விதி உதவாது.

இடம் கிடைக்காதவர்களுக்கும் வழிகள் உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், அட்டாளைச்சேனையில் உள்ளது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகள், தாதியர் பயிற்சிப் பாடசாலைகள், சம்மாந்துறையில் உள்ளது போன்ற உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் ஆகியவை தனித்தனியே விண்ணப்பம் கோருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் இத்திகதிகளைத் தவறவிடுகிறார். தனியார் நிறுவனத்தைத் தெரிவு செய்வோர், அது வழங்கும் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காத்திருக்கும் மகள் சும்மா இருப்பவள் அல்லள். “கிடைத்தால் பார்ப்போம்” என்று ஓராண்டு கழிந்தால், அடுத்த ஆண்டில் படிப்பு என்ற பேச்சே வீட்டில் குறைந்துவிடுவதை எமது ஊர்களில் காண்கிறோம். தூரமும் விடுதியும் கவலை தருமெனில், அதை விருப்ப ஒழுங்கை எழுதும் நாளிலேயே மகளோடு பேசுங்கள். அனுமதிக் கடிதம் வந்த பின் மறுப்பது அவளது உழைப்பை வீணாக்குவதோடு, அவ்விடத்தை எதிர்பார்த்திருக்கும் இன்னொரு பிள்ளையையும் காக்க வைக்கிறது.

சகோதரிகளே, ஒரு தாளில் மூன்று நிரல்களை வரையுங்கள். கையில் உள்ள இடம், எதிர்பார்க்கும் இடம், இரண்டும் இல்லாவிட்டால் செய்யப்போவது என எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே இறுதித் திகதியையும் செலவையும் குறியுங்கள். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால், இன்றே நிரப்ப வேண்டியது அதுதான்.