லொறிச் சாரதியின் இரவுக் கணப்பு

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே, சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிச் செல்லும் 17 ஆம் இலக்கப் பெருந்தெருவில் மாரிக்கால இரவுகள் கொடியவை. வெப்பநிலை உறைநிலைக்கு 30 சென்ரிகிறேட் பாகை கீழே இறங்குவது அங்கே புதுமையன்று. 13 மணி நேரம் வண்டி ஓட்டிய சாரதி, தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வு கொண்டாலன்றி மீண்டும் ஓட்டுதல் ஆகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அவர் உறங்குவது ஆசனத்துக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய படுக்கையிலே. அவ்விரவில் அவரைக் குளிரினின்றும் காப்பது, படுக்கையின் கீழே பொருத்தப்பட்ட ஒரு சிறு டீசல் கணப்பு.

வண்டியின் இயந்திரத்தையே இரவு முழுதும் ஓடவிட்டாலும் சூடு கிடைக்குமன்றோ? கிடைக்கும். ஆனால் நிற்கும் நிலையில் ஓடும் பெரிய லொறியின் இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய 3 லீற்றர் டீசலைக் குடிக்கும். 8 மணி நேரத்துக்கு 24 லீற்றர் ஆகும். 2 கிலோவாற்று வலுவுள்ள கணப்புக்கோ அதே இரவுக்கு 2 லீற்றரே போதும்.

இக்கருவியின் அமைப்பு எளிது. ஒரு சிறு பம்பி, தாங்கியிலிருந்து டீசலைத் துளித்துளியாக எரியறைக்கு அனுப்புகிறது. மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த ஒரு முளை அதனைப் பற்றவைக்கிறது. தீ நன்கு பற்றியதும் முளை அணைந்துவிடும். தீ தானே தொடரும். இங்கே இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. எரிவதற்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து வந்து, புகையாகி வெளியே போகிறது. படுக்கையறைக் காற்றோ, சூடேறிய உலோகச் சுவரின் மறுபுறத்தைத் தழுவிச் சூடாகித் திரும்புகிறது. இவ்விரண்டும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. சாரதியின் உயிர் இந்த விதியிலேயே தங்கியிருக்கிறது.

கணப்பு எரிய மறுத்தால், குறையைக் கண்டறிய முதற் கருவி செவியே. ஆளியைப் போட்டதும் விசிறி சுழலும். சற்றுப் பின் பம்பி 'டிக், டிக்' என்று ஒலிக்கும். பின்னர் தீயின் இரைச்சல் கேட்கும். எவ்வித ஓசையும் இல்லையெனில், உருகியையும் பற்றரியையும் பார்க்க வேண்டும். முளையைக் காய்ச்சுவதற்கு மிகுந்த மின்னோட்டம் தேவை. தளர்ந்த பற்றரி அதற்கு ஈடுகொடாது. விசிறி சுழன்றும் பம்பியின் ஒலி எழாவிடின், பம்பியையும் அதன் கம்பிகளையும் சோதித்தல் முறை. ஒலி எழுந்தும் புகையே வராவிடின், டீசல் வந்து சேரவில்லை என்பது பொருள். தாங்கியின் மட்டம், கணப்பின் உறிஞ்சு குழாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம். குழாய்ப் பொருத்திலே காற்றுப் புகுந்திருக்கலாம். அன்றேல், கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து வடியை அடைத்திருக்கலாம். மாரிக்கென விற்கப்படும் டீசலை நிரப்புவதே இதற்குக் காப்பு. வெண்புகை கிளம்பியும் தீ பற்றாவிடின், டீசல் எரியாமலே ஆவியாகிறது. முளையையோ அதனைச் சூழ்ந்த வலையையோ ஐயுற வேண்டும். கரும்புகை வருமாயின், காற்று போதவில்லை அல்லது உள்ளே கரி படிந்துள்ளது. மீண்டும் மீண்டும் ஆளியைப் போட்டுப் பார்ப்பது தவறு. எரியாத டீசல் எரியறையிலே தேங்கும்.

கரியே இக்கருவியின் பெரும் பகை. நெடுநேரம் மிகக் குறைந்த சூட்டில் எரிந்தால் கரி விரைவிற் படியும். ஆதலால் இடையிடையே அரைமணி நேரமளவு முழு வேகத்தில் எரியவிடுதல் நன்று. கோடையிலும் மாதம் ஒரு முறை சிறிது நேரம் இயக்கினால், டீசல் குழாயிலே பழுதாகாது. நிறுத்தும்போது ஆளியை மட்டுமே அணைக்க வேண்டும், பற்றரியைத் துண்டித்தலாகாது. விசிறி சில நிமிடம் ஓடி, எரியறையைக் குளிர்வித்துப் புகையை வெளியேற்றிய பின்னரே நிற்கும். எரியறையைத் திறந்து துப்புரவாக்கினால், பழைய காஸ்கட்டை மீண்டும் இடாது புதியதையே இட வேண்டும். டீசல் நிரப்பும் வேளையில் கணப்பு அணைந்திருக்க வேண்டும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. புகைக்குழாய் கழன்றாலும், அதன் வாயைப் பனி மூடினாலும், உலோகச் சுவர் வெடித்தாலும், காபனோரொட்சைட்டு வாயு படுக்கையறையுட் புகக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன அதன் அறிகுறிகள். உறங்குபவரோ அவற்றை உணரார். எனவே அவ்வாயுவை அறிந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்று படுக்கையருகே இருத்தல் இன்றியமையாதது. அது ஒலித்தால் காரணத்தைத் தேடி நில்லாது, முதலில் வெளியேறித் திறந்த காற்றை அடைய வேண்டும். கணப்பின் பழுதை அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

முதற் பனி விழுமுன், இலையுதிர் காலத்திலேயே கணப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு, புகைக்குழாயைக் கண்ணாற் பார்த்து, ஒலிக்கருவியைச் சோதிக்கும் சாரதி நிம்மதியாக உறங்குவார். நடுக்காட்டிலே, நள்ளிரவிலே, கைகள் விறைத்த நிலையில் செய்யும் பழுதுபார்ப்பினும், பகலொளியில் முன்னரே செய்யும் சிறு பராமரிப்பு எவ்வளவோ மேலானது.