குழந்தையின் பார்வை வளரும் காலம்

பிறந்த சிசு கண் விழித்து நோக்குவதைக் கண்டு, அதற்குப் பார்வை முழுமையாக அமைந்துவிட்டதெனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கண் ஒளியைப் பெற்றனுப்பும் கருவியே. அதனைக் காட்சியாக உணர்வது மூளை. நடையையும் பேச்சையும் போலவே பார்வையும் குழந்தை பழகிப் பெறும் ஆற்றலாகும். அப்பழக்கத்திற்கு இயற்கை வகுத்துள்ள காலமோ குறுகியது.

முதல் வாரங்களில் சிசுவுக்கு ஓரளவு தெளிவாகப் புலப்படுபவை 20 முதல் 30 செ.மீ. தொலைவிலுள்ள பொருள்களே. பாலருந்தும் குழந்தைக்கும் தாயின் முகத்திற்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய இதுவே. இரண்டாம் மாதத்தில் குழந்தை முகத்தை உற்று நோக்கிப் புன்னகை செய்கிறது. மூன்றாம் மாதத்தில் அசையும் பொருளைக் கண்களால் தொடர்கிறது. ஐந்தாறு மாதங்களில் இரு கண்களும் ஒருங்கே இயங்க, கண்ட பொருளைக் கைநீட்டிப் பற்றுகிறது. அருகிருந்து முகங்காட்டிப் பேசுவதே இதற்கேற்ற பயிற்சி. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் தேவையில்லை.

இப்பழக்கம் தடைப்பட்டால் நேர்வதென்ன? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகளான டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இதனை விளக்கின. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்துப் பின்னர் திறந்தபொழுது, அக்கண்ணின் செய்தியை மூளை பெரும்பாலும் ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அக்கேடு விளையவில்லை. இத்துறையில் ஆற்றிய பணிக்காக இருவரும் 1981-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

குழந்தைகளிடமும் இவ்வாறே நிகழ்கிறது. பிறவிக் கண்புரை, மாறுகண், ஒரு கண்ணில் மட்டும் மிகுந்த பார்வைக் குறை ஆகியவற்றுள் ஒன்று இருப்பின், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்குகிறது. இந்நிலையைச் 'சோம்பல் கண்' என்பர். ஏழெட்டு வயதிற்குள் தக்க கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்தும் பழக்கினால் பெரும்பாலும் குணம் காணலாம். பிறகு பயன் குறைந்துவிடும். அடர்ந்த பிறவிக் கண்புரைக்கோ முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளேயே அறுவை சிகிச்சை வேண்டப்படும். 34 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுவின் விழித்திரையைப் பிறந்த 30 நாட்களுக்குள் பரிசோதித்தல் அவசியம்.

எனவே, மாறுகண் அதிர்ஷ்டம் என்பதும், வளர வளரச் சரியாகிவிடும் என்பதும் பார்வையைப் பறிக்கும் சொற்களாகும். முதற்சில வாரங்களில் கண்கள் இடையிடையே விலகுதல் இயல்பே. நான்கு மாதங்களுக்குப் பின்னும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்மணி வெண்மையாகத் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. அது கண்புரையாகவோ, உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கக்கூடும்.

களப்பணியாளர் வீடு செல்லுங்கால் குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மறைத்துப் பார்க்கலாம். நல்ல கண்ணை மறைக்கும்பொழுது மட்டும் அது சிணுங்கிக் கையை விலக்குமாயின், மற்றக் கண்ணில் குறையுண்டென ஐயுற வேண்டும். தலையைச் சாய்த்தோ, புத்தகத்தை முகத்தருகே வைத்தோ படிக்கும் மாணவனை ஆசிரியர் கவனித்தல் வேண்டும். 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்குப் பரிசோதனையும் மேற்சிகிச்சையும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. வசதி உண்டு, குறையை உரிய காலத்தில் கண்டு அனுப்புவதே களப்பணியாளர், ஆசிரியர் இருவரின் கடமையாகும்.