வாராவாரம் ஒரு கூட்டம்

பள்ளிக்கூட வாசலில் மேஜை போட்டு, போலியோ சொட்டு மருந்து கொடுத்து, குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பிய ஞாயிற்றுக்கிழமைகளை எந்தத் தாய் மறப்பாள்? அந்தக் கைங்கரியத்துக்கு 1985 முதல் தோள்கொடுத்த ரோட்டரி சங்கம், அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்றால் நம்புவீர்களா?

1905-ல் சிகாகோ வக்கீல் பால் ஹாரிஸ் மூன்று சிநேகிதர்களுடன் தொடங்கிய சங்கம். ஒவ்வொருவர் ஆபீஸிலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடினார்கள், அதுவே பெயராயிற்று. வாராவாரம் தவறாமல் வர வேண்டியிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். (வீட்டில் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தவர்கள் யாரோ!)

கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்று ஒரு சிற்றூர். அங்கத்தினர் குறைந்துபோகவே, அந்த ஊர்ச் சங்கத்தார் மூன்று பெண்மணிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையகத்துக்கு வந்ததே கோபம்! 1978-ல் சங்கத்தையே விலக்கிவிட்டது. டுவார்ட்டிக்காரர்கள் அசரவில்லை. ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு வழக்கம்போல் கூடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் அந்தச் சங்கத்துக்குத் தலைவியானவர் சில்வியா விட்லாக் என்ற பள்ளித் தலைமையாசிரியை.

1989-ல் ரோட்டரியின் விதியே மாறி, எல்லா நாட்டுச் சங்கங்களிலும் பெண்களுக்குக் கதவு திறந்தது. 2022-ல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் அகில உலகத் தலைவியாகப் பதவி ஏற்றார்.